கீரிக்குட்டியும் லூர்து டீச்சரின் ஊசிகளும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கால்நடை மருத்துவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கொடைக்கானலில் பல வருஷம் இருந்த ஆள், சிறுத்தை, காட்டெருமை என்று எழுதுவார் என நினைத்திருப்பீர்கள். சிறுத்தையை நான் பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் அது என்னைச் சட்டை செய்யாமல் தன் வழியே போய்விட்டது. என் காலமெல்லாம் எருமைக்கும் மட்டக்குதிரைக்கும் கோழிக்கழிச்சலுக்குமே சரியாகப் போயிற்று. முட்டிவலியோடு நெடுநேரம் உட்கார்ந்து எழுதவும் முடியாது. அதனால் ஒன்றே ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அது ஒரு கீரிக்குட்டியைப் பற்றியது. அதைக் காப்பாற்றிய ஒரு டீச்சரைப் பற்றியது என்று சொன்னால் இன்னும் சரி. அந்த டீச்சர் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். தாண்டிக்குடியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் பசு கன்று போட முடியாமல் கிடக்கிறதென்று முந்தின நாளே போயிருந்தேன். கன்று செத்துப் பிறந்தது. பசுவை எப்படியோ பிழைக்க வைத்துவிட்டு, மறுநாள் மத்தியானம் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி ஊர் வந்து சேர்ந்தேன். முதுகு இரண்டாகப் பிளந்துவிட்டது போலிருந்தது. சூடாக ஒரு வாய் சோறு, பிறகு கம்பளிக்குள் தூக்கம். அதைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. மருந்தக வாசல் பெஞ்சில் லூர்து டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

செண்பகனூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவர். கணவர் அருளப்பன், உருளைக்கிழங்கும் கோசும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு லாரி ஓட்டுபவர். டீச்சர் அப்போது மாசமாக இருந்தார். அதற்கு முன்னால் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தேவாலயத்துப் படிகளில் அவர் ஏறும்போது பெண்கள் தாமாகவே வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அவர் மடியில் ஒரு கம்பளிக் குல்லா. அதற்குள் கீரிக்குட்டி, கண் திறந்து சில வாரம்தான் ஆகியிருக்கும்.

"எங்க சிங்காரி கழுத்தக் கவ்விக்கிட்டு அடுப்படிக்கே தூக்கிட்டு வந்துருச்சு டாக்டர். நான் போயி வாயப் பிளந்து புடுங்கினேன். விடவே மாட்டேன்னுச்சு. இது உயிரோட இருக்கு பாருங்க. மூச்சு விடுது பாருங்க" என்றார். சிங்காரி அவர் வளர்த்த பூனை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வலது கையைக் கைக்குட்டையால் சுற்றியிருந்தார்.

நான் குட்டியைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தேன். நம் தொழிலில் வரும் கோளாறு இது. எதிரில் இரண்டு உயிர் வந்தால் நம் கண் தானாகவே நாலு கால் உள்ளதன் மேல் போகும். கழுத்தில் இரண்டு சின்னத் துளைகள். பூனைக்கடி வெளியே அற்பமாகத் தெரியும், உள்ளே சீழ் வைத்துக் கொல்லும். அதற்கு வேண்டியதைச் செய்து, கம்பவுண்டரிடம் கொடுத்துக் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கைக்குட்டை என் கண்ணில் பட்டது.

அவிழ்த்தால் உள்ளே காப்பித்தூள் அப்பியிருந்தது. இந்த மலையில் வெட்டுக்காயம், கடி எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் வைத்தியம். கழுவிப் பார்த்தேன். கட்டைவிரலின் அடியில் பல் பதிந்திருந்தது.

"எது கடிச்சது டீச்சர்? பூனையா, இதுவா?"

"ரெண்டும் என் கையிலதான துள்ளிக்கிட்டுக் கெடந்துச்சு. எது கடிச்சதுன்னு யாரு பார்த்தா?"

பல்லுக்கும் பல்லுக்கும் இருந்த இடைவெளி பூனை வாய்க்குரியதாக இல்லை. குட்டிதான் கடித்திருந்தது. நெடுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவர் சிரித்துக்கொண்டே, "மாட்டக் கழுவுற மாதிரி கழுவுறீங்களே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் செண்பகனூர்ப் பக்கம் ஒரு வெறிநாயைச் சுட்டிருந்தார்கள்.

சாப்பிடாமலேயே அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று பூனையைப் பிடித்து ஓர் உருளைக்கிழங்குப் பெட்டிக்குள் அடைத்து மேலே வலை கட்டினோம். குட்டி எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொல்லைப் பக்கம் போனேன். பேரிக்காய் மரத்துக்குக் கீழே விறகு அடுக்கியிருந்தது. பக்கத்து வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்த சின்னையாவிடம், இங்கே கீரி நடமாட்டம் உண்டா என்று கேட்டேன்.

"இருந்துச்சுங்க. நேத்து வெள்ளனே பெருசு ஒண்ணு நேரா என் காலப் பாத்து வந்துச்சு. கீரி மனுசனக் கண்டா ஓடத்தான செய்யும்? இது வெரட்ட வெரட்ட மேல ஏறுது. கம்பால ஒரே போடு" என்றார்.

"உடம்பு எங்கே?"

"சருகோட போட்டுக் கொளுத்தியாச்சுங்களே."

பயமில்லாமல் மனிதன் மேல் வரும் காட்டு விலங்கு என்றால் நாம் முதலில் நினைப்பது வெறிநோயைத்தான். ஆனால் குட்டி போட்ட தாயும் அப்படி வரும். இரண்டில் எது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி சாம்பலாகிப் போயிருந்தது. அந்தத் தாய் நக்கி வளர்த்த குட்டி டீச்சரைக் கடித்திருக்கிறது. அந்தப் பல் வழியாக உள்ளே போனது எந்த வாயின் எச்சில்?

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. அந்தக் காலத்தில் வெறிநாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினம் ஒன்று. ஊசி என்றால் இப்போது உங்கள் காலத்தில் கையில் போடுகிறார்களே, அந்த மாதிரி அல்ல. போட்ட இடம் கொழுக்கட்டை அளவுக்கு வீங்கும். நாலாம் நாளுக்கு மேல் ஊசி குத்த வெறும் இடம் தேட வேண்டியிருக்கும். மாசமான பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டும். அங்கிருந்த டாக்டரம்மா நல்லவர், கறார்ப் பேர்வழி. ஊசியால் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். டீச்சர் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

"வேற வழியிருக்கு. குட்டியக் கொன்னு தலைய குன்னூர் லேபுக்கு அனுப்பிடலாம், மூளையப் பாத்து வெறிநோய் இருக்கான்னு சொல்லிடுவாங்க. இல்லைன்னு பதில் வந்தா ஊசிய நிறுத்திக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

அதுதான் முறை. நீங்கள் படித்ததும் அதுவே, நான் படித்ததும் அதுவே. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அதக் கொல்றதுக்கா நான் பூனை வாயிலேர்ந்து புடுங்கினேன்?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். அந்தத் தலை ஐஸ் பெட்டிக்குள் பஸ்ஸில் மலையிறங்கி, ரயில் மாறி ரயில் ஏறி, இன்னொரு மலையேறிப் போய்ச் சேர வேண்டும். விரல் நுனி அளவு மூளை. என்ன நிலையில் போய்ச் சேருமோ. இல்லை என்று பதில் வந்தாலும், அதை நம்பி ஊசியை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வருமா? வராது என்று பட்டது. அப்படியானால் அந்தக் கொலையால் யாருக்கு என்ன லாபம்? நாம் முறைப்படி செய்தோம் என்கிற ஆறுதல், அதுவும் நமக்கு மட்டும்.

"நீங்க பதினாலு ஊசியும் போட்டுக்கிட்டா நான் அதக் கொல்ல மாட்டேன்" என்றேன்.

டீச்சர் சுவரைவிட்டு ஓர் அடி முன்னால் வந்தார். "சத்தியமா?" என்றார். "சத்தியமா" என்றேன். அவர் போய்ப் படுக்கையில் ஏறிப் படுத்தார். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். மாட்டு டாக்டர் மனுஷியிடம் பேரம் பேசுகிறார் என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஊசி போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி மெல்ல நடந்து மருந்தகத்துக்கு வருவார். கோழி அடைக்கும் கம்பிவலைப் பெட்டியில் குட்டியை வைத்திருந்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும் என்று கண்டிப்பு. தோட்டவேலைக்குப் போடும் தடித்த தோலுறைகளை மாட்டிக்கொண்டு முட்டையும் பாலும் கலந்து பஞ்சில் நனைத்துக் கொடுப்பார். கழுத்துக் காயம் ஆறியது. குட்டி தேறியது. பெட்டியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பாய்ந்து பாய்ந்து ஓடும். அவர் குரல் கேட்டால் பின்னங்காலில் எழுந்து நிற்கும். வலியோடு வருகிற அந்த முகம் அதைப் பார்த்ததும் மலர்வதை நானும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் நானும் மகிழ்ந்து போனேன். என் வேலையில் சாவு அதிகம். அந்த வாரத்தில் அந்தப் பெட்டி ஒன்றுதான் எனக்கு நல்ல செய்தியாக இருந்தது.

அதுதான் தொல்லையாகவும் வந்து முடிந்தது. குட்டி செத்திருந்தால் அவர் மறுபேச்சில்லாமல் ஊசி போட்டுக்கொண்டிருப்பார். அது நாளுக்கு நாள் கொழுகொழுவென்று ஆக ஆக, ஊசி எதற்கு என்கிற கேள்வியும் கொழுத்தது.

பத்தாம் நாள் சிங்காரியை வெளியே விடச் சொல்லியிருந்தேன். கடித்த நாய், பூனையைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்ப்பது நம் எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறிய கணக்கு. பத்து நாள் நன்றாக இருந்தால் கடித்த அன்றைக்கு அதன் எச்சிலில் விஷமில்லை. அன்று காலையில் டீச்சர் மட்டும் வரவில்லை. அருளப்பனும் கூட வந்தார். லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, அழுக்குச் சட்டையோடு நேராக உள்ளே வந்தார்.

"ஐயா, பூனைக்குப் பத்து நாள்னீங்க. ஆச்சு, விட்டாச்சு. இந்தா இதுவும் பத்து நாளா உங்க கண்ணு முன்னாலதான குதிச்சுக்கிட்டுக் கெடக்கு? அதுக்கொரு கணக்கு, இதுக்கொரு கணக்கா?" என்றார்.

சண்டைக்கு வந்த ஆள் இல்லை அவர். முந்தின நாள் ராத்திரி டீச்சருக்குக் காய்ச்சல் அடித்திருக்கிறது, அடிவயிறு இழுத்துப் பிடித்திருக்கிறது. முன்னே இரண்டு முறையும் அப்படித்தான் ஆரம்பித்தது என்றார். டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்றிருக்கிறார். "மிருகத்தைப் பற்றி அவர்தான் சொல்ல வேண்டும். அவர் நிறுத்தலாம் என்றால் நானும் நிறுத்துகிறேன்" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆக, மொத்தமும் என் தலையில்.

டீச்சர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சேலை மடிப்பு வயிற்றில் படாமல் கையால் தூக்கிப் பிடித்திருந்தார். "ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர். போதும்னு ஒரே வார்த்தை. எனக்கு சாவு பயம் இல்ல. இதுவும் போயிரக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

அவர்களை உட்கார வைத்துவிட்டுத் தபாலாபீஸுக்குப் போய் மேலதிகாரிக்கு டிரங்க் கால் போட்டேன். நெடுநேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. "குட்டி நல்லாயிருக்குல்ல? அப்புறம் என்னய்யா? எதுக்கும் நீயே பாத்து முடிவு பண்ணு, நேர்ல இருக்கிறவன் நீதான்" என்றார். இதில் உதவி எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி நடந்து வரும்போது எனக்கு இருந்த அலுப்பைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். யாரையும் ஏமாற்ற எனக்கு எண்ணமில்லை. ஆனால் போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பெண் இன்று ஒரு ராத்திரியாவது புரண்டு படுப்பார். அருளப்பன் கையெடுத்துக் கும்பிடுவார். நானும் தூங்குவேன். அந்த வார்த்தைக்கு நியாயமும் இருந்தது, பத்து நாள் கணக்கு. நம்முடைய தப்புகள் பெரும்பாலும் அறியாமையில் வருவதில்லை. ஓர் இடத்தில் சரியாக இருக்கிற கணக்கை, களைத்துப்போன நேரத்தில் பக்கத்து இடத்துக்கும் நீட்டுவதில்தான் வரும். நாய்க்குப் பத்து நாள் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கீரிக்கு எத்தனை நாள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சின்னையாவின் காலைப் பார்த்து வந்த அந்தப் பெரிய கீரியை என்னால் கணக்கிலிருந்து எடுக்கவும் முடியவில்லை.

உள்ளே போய், "நிறுத்தக் கூடாது டீச்சர். மிச்சம் நாலையும் போட்டுக்கணும்" என்றேன்.

"முடியாது டாக்டர்" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "நாளைக்கு நான் போக மாட்டேன். நீங்க என்ன வேணா சொல்லுங்க."

"போகலைன்னா மத்தியானம் குட்டியோட தலை குன்னூருக்குப் போகும்."

அருளப்பன் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சருக்குப் புரிந்தது. "அன்னைக்கு வேணாம்னீங்க. சத்தியம் பண்ணீங்க."

"அன்னைக்கு நீங்க பதினாலும் போட்டுக்கறேன்னு படுத்தீங்க. ஊசி நின்னுட்டா எனக்கு இருக்கிற ஒரே வழி அந்தத் தலைதான்."

"நல்லாயிருக்கிற உசுர நீங்க கொல்ல மாட்டீங்க. நான் இத்தனை நாளா உங்களப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

நான் அலமாரியைத் திறந்து குளோரோபாம் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன். மிரட்டலுக்காக வைத்தேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். அவர் போகாவிட்டால் செய்துதான் இருப்பேன். செய்வேன் என்பதை என் முகத்தில் அவர் பார்த்துவிட்டார். ஒரு நொடி அவர் கண்ணில் இருந்ததை நான் மறக்கவில்லை. சிங்காரியின் வாயிலிருந்து பிடுங்கிய உயிரைக் கொண்டுவந்து இன்னொரு வாயில் கொடுத்துவிட்டோமே என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

எழுந்து போனார். மறுநாள் ஊசி போட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாளும் போட்டுக்கொண்டார். அந்த நாலு நாளும் மருந்தகத்துக்கு வந்து குட்டிக்கு ஊட்டினார். நான் உள்ளே வந்தால் எழுந்து வெளியே போய் நிற்பார். கம்பவுண்டர்தான் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு கொண்டுவந்து கொண்டுபோனார். "பால் தீந்துருச்சுன்னு உங்கட்ட சொல்லச் சொன்னாங்க" என்று எனக்குச் சொல்வார், நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பேன்.

ஊசி முடிந்தது. குட்டியை இன்னும் சில வாரம் வைத்துப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் வரவில்லை. ஒருநாள் டீச்சர் ஒரு மூடுகூடையோடு வந்து, கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். செண்பகனூருக்குக் கீழே, வீடுகளே இல்லாத ஒரு சோலை ஓரமாகப் போய்த் திறந்துவிட்டாராம். கூடை திறந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் புதருக்குள் போய்விட்டது என்று அருளப்பன் பிற்பாடு சொன்னார். அவர் மட்டும் எங்காவது பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவார், மனைவி பக்கத்தில் இல்லையென்றால்.

பிள்ளை மாசம் நிறைந்து பிறந்தது. பெண்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், அந்த நாலு ஊசி தேவையா என்று. எனக்குத் தெரியாது. அந்தப் பதினாலுமே தேவையா என்றும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி, போடாமல் விட்டுப் பார்ப்பதுதான். நம் வேலையில் தப்பு செய்தால் அது கண்ணெதிரே விழுந்து கிடக்கும். சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்கவில்லையே என்று நாலு பேர் கேட்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. உங்களுக்கும் சலிக்கும். நன்றி வரும் என்று காத்திருந்தால் அந்த அலுப்பில் ஒருநாள் வேண்டாத வார்த்தையைச் சொல்லிவிடுவீர்கள்.

மாற்றல் வந்து நான் மலையிறங்குவதற்கு முந்தின வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் டீச்சரைப் பார்த்தேன். கோஸ் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். பக்கத்தில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு சிறுமி. நான் அவர்களைப் பார்த்து நிற்பதைச் சிறுமி கவனித்துவிட்டு, "யாரும்மா அந்த அங்கிள்?" என்று கேட்டாள்.

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்: "அந்த ஆளுதான் அம்மாவுக்கு வேண்டாத ஊசியெல்லாம் போட வச்ச மாட்டு டாக்டர்."

சிறுமி வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். நல்ல வேகமான நடை. வேண்டாத ஊசி என்று திட்ட அவர் இருந்தார், ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டே ஓட அந்தப் பிள்ளை இருந்தது. நான் கோஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.